ஆராய்ச்சி

'ஆய்' என்னும் வினையின் பொருள் கூர்ந்து நோக்குதல், வேண்டாததை விலக்கி வேண்டியதைத் தெரிந்தெடுத்தல். கீரை ஆய்தல் என்ற அடுப்படி வழக்கில் இப்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. நூலறிவாளரைவிடச் சமையற்கட்டே இச்சொல்லைப் பழுதின்றிக் காத்தது எனலாம். தொல்காப்பிய உரியியல் 'ஆய்தல்' என்பதற்கு நுணுக்கம் என்று பொருள் தருகிறது. ஆராய்தல் என்பதை 'ஆர', அதாவது நிரம்ப, ஆய்தல் என்று விரிப்பர். திருக்குறளின் 80ஆம் அதிகாரம் நட்பாராய்தல். அங்கே ஆராயப்படுவது நண்பனின் குணம். மனுநீதிச் சோழன் கதையின் ஆராய்ச்சி மணியில் இச்சொல் முறைகேட்டலைக் குறிக்கிறது.

பல்கலைக்கழகப் பொருள் பிற்காலத்தது. 1964இல் புதுதில்லியில் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி மன்றம் இப்பொருளைத் தன் பெயரிலேயே தாங்கியது.

இன்று துறைதோறும் சொல் கிளைத்துள்ளது. வேதியியலார்க்கு ஆய்வுக்கூடம், தொல்லியலார்க்கு அகழாய்வு, சமூகவியலார்க்குக் கள ஆய்வு. பாலத்தின் உறுதியை அளக்கும் பொறியாளர் பெரும்பாலும் 'சோதனை' என்பார். வாக்காளர் மனநிலையை அறியும் அரசியல் ஆய்வுக்குக் 'கருத்துக்கணிப்பு' எனத் தனிப்பெயர் அமைந்தது. முனைவர் பட்டத்துக்கு உழைப்பவரும் ஆய்வாளர், காவல் நிலையத் தலைவரும் ஆய்வாளர் என்பது இச்சொல்லின் சிறு குறும்பு.