வளைகுடாவில் தொடங்கிய எடைக்குறைப்பு ஊசி: ஊர் திரும்பிய பின் தொடர்வது எப்படி?

 

“ஹஜ்ரத், நோன்பு வைத்துக்கொண்டு எடை குறைக்கும் ஊசி போடலாமா?” ஜும்ஆ முடிந்ததும் இந்தக் கேள்வியோடு நம்மிடம் வருவோர் இப்போது அதிகமாகிவிட்டார்கள். பெரும்பாலும் துபாய், ரியாத், குவைத் போன்ற ஊர்களில் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு விடுமுறையிலோ, வேலையை முடித்துக்கொண்டோ ஊர் வந்த சபராளிகள். மார்க்கச் சட்டத்தைக் கேட்க வருகிறார்கள். பேசிப் பார்த்தால், அதைவிட அவசரமாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு இருப்பது புரிகிறது.

நமக்குத் தெரிந்த சகோதரர் ஒருவர் வளைகுடாவில் படிப்படியாக 10 மி.கி. அளவுக்கு வந்திருந்தார். ஊர் வந்ததும் இரண்டு மாதம் ஊசியை விட்டுவிட்டார். மகளின் நிக்காஹ் நெருங்கியபோது, மச்சான் கொண்டுவந்த 10 மி.கி. ஊசியை யாரையும் கேட்காமல் போட்டுக்கொண்டார். மூன்று நாள் ஓயாத வாந்தி. உடலில் நீர் வற்றி, கல்யாண வேலைகளுக்கு நடுவே மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. அல்லாஹ்வின் கிருபையால் நலமாகிவிட்டார். அந்த வீட்டார் பட்ட பாடு வேறு யாருக்கும் வரக் கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை. நாம் மருத்துவர் அல்லர். மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவரே.

இவை என்ன மருந்துகள்?

பரவலாகப் பயன்படுபவை இரண்டு. ஒன்று செமாக்ளுடைடு, ஒஸெம்பிக், வீகோவி என்ற பெயர்களில் வருகிறது. மற்றொன்று டிர்செபடைடு, மவுஞ்சாரோ என்ற பெயரில் வருகிறது. இரண்டுமே வாரம் ஒருமுறை தோலுக்கு அடியில் போடும் ஊசிகள். இவை பசியைக் குறைத்து, உணவு வயிற்றிலிருந்து இறங்கும் வேகத்தையும் தாமதப்படுத்துகின்றன. அதனால்தான் குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு ஆகியவை பொதுவான பக்கவிளைவுகளாக உள்ளன.

உடல் பழகுவதற்காகக் குறைந்த அளவிலிருந்து மெதுவாக ஏற்றுகிறார்கள். டிர்செபடைடு 2.5 மி.கி.யில் தொடங்கி, 4 வாரம் கழித்து 5 மி.கி. ஆகும். அதன் பின் தேவைப்பட்டால் குறைந்தது 4 வார இடைவெளியில் 2.5 மி.கி. வீதம் கூட்டி, அதிகபட்சம் 15 மி.கி. வரை செல்லலாம். வீகோவி 0.25 மி.கி.யில் தொடங்கி 2.4 மி.கி. வரை ஏறும். ஒரு மருந்தின் மில்லிகிராம் கணக்கை மற்றொன்றுக்குப் பொருத்தக் கூடாது. ஊரில் பழைய மருந்து கிடைக்கவில்லையென்று வேறொன்றுக்கு மாறுவதென்றால், எந்த அளவில் தொடங்குவது என்பதை மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்.

திடீரென நிறுத்தினால்?

“எடை குறைந்துவிட்டதே, இனி எதற்கு?” என்று நிறுத்துவோர் உண்டு. செமாக்ளுடைடு குறித்து 2022-ல் வெளியான ஆய்வில், ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்த எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது தெரியவந்தது. இது மன உறுதி இல்லாததால் வருவது அல்ல. உடற்பருமன் நீடித்த நோய் என்பதால் வருவது. எனவே நிறுத்துவதையும், குறைந்த அளவில் தொடர்வதையும் மருத்துவரோடு பேசியே முடிவெடுங்கள்.

ஊருக்குக் கிளம்பும் முன்

அங்குள்ள மருத்துவரிடமிருந்து மருந்துச் சீட்டையும், சிகிச்சைச் சுருக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். மருந்தின் பெயர், இப்போதைய அளவு, கடைசியாக அளவை ஏற்றிய தேதி, தொடக்க எடை, ரத்தப் பரிசோதனை முடிவுகள் அதில் இருக்கட்டும்.

இந்திய மருந்து விதிகளின்படி, பயணி தம் சொந்த உபயோகத்துக்காகத் தம் பயணப் பெட்டியோடு கொண்டுவரும் மருந்து, ஒவ்வொன்றிலும் சராசரியாக 100 வேளை அளவைத் தாண்டக் கூடாது. சுங்கத்தில் கேட்டால் மறைக்காமல் காட்ட வேண்டும். சொந்த உபயோகம் என்றால் அவருக்கு மட்டுமே. அடுத்த வீட்டாருக்காகவும் விற்பதற்காகவும் கொண்டுவருவது இதில் சேராது.

மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். விமானத்தில் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியில் போட்டால் உறைந்துவிட வாய்ப்புண்டு. உறைந்த மருந்தைப் பயன்படுத்தவே கூடாது. ஐஸ் கட்டியின் மேல் நேரடியாகப் படாமல் துணியில் சுற்றி வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள். வீட்டு ஃபிரிட்ஜில் ஃப்ரீசரிலும் வேண்டாம். பின்சுவரை ஒட்டியும் வேண்டாம்.

இங்கே மருத்துவரிடம்

வெளிநாட்டுச் சீட்டைக் காட்டி இங்குள்ள மருந்துக்கடையில் வாங்க முயல வேண்டாம். இங்கே பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு வேண்டும். சர்க்கரை நோய் அல்லது நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பார்ப்பது நல்லது. இவற்றை ஒளிக்காமல் சொல்லுங்கள்:

- கடைசி ஊசி போட்ட தேதி, அளவு, இடையில் விட்ட வாரங்கள்.
- இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுக்கிறீர்களா என்பது. இவை சேரும்போது சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்ந்துபோகலாம்.
- கணையத்தில் அழற்சி, பித்தப்பைக் கல் முன்பு வந்ததுண்டா என்பது.
- மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் உங்களுக்கோ குடும்பத்திலோ இருந்ததா என்பது. இருந்தால் இந்த மருந்துகள் கூடாது.
- அறுவை சிகிச்சை எதுவும் இருந்தால் மயக்க மருந்து நிபுணரிடமும் சொல்லிவிடுங்கள்.

குழந்தைக்காக எதிர்பார்த்திருக்கும் சகோதரிகள் கவனிக்கவும்: செமாக்ளுடைடைக் கருத்தரிக்கத் திட்டமிடுவதற்குக் குறைந்தது 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடும்.

முதுகு வரை பரவும் கடுமையான வயிற்று வலி விடாமல் இருந்தால் ஊசியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஒரு வாரம் தவறிவிட்டால்

டிர்செபடைடு என்றால் 4 நாளுக்குள்ளும், செமாக்ளுடைடு என்றால் 5 நாளுக்குள்ளும் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் விட்டுவிட்டு அடுத்த வழக்கமான நாளில் போடுங்கள். இரண்டு ஊசியைச் சேர்த்துப் போடக் கூடாது. பல வாரம் விட்டுப்போனால் பழைய அளவுக்கு நேராகப் போகாதீர்கள். பெரும்பாலும் குறைந்த அளவிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்வார்கள். மேலே சொன்ன சகோதரர் செய்த தவறு இதுதான்.

பேனாவும் குப்பியும்

மவுஞ்சாரோ இந்தியாவுக்கு 2025 மார்ச்சில் முதலில் குப்பியாக வந்தது. பின்னர் நான்கு வாரத்துக்கான பேனாவும் வந்தது. அங்கே பேனா பழகியவர் இங்கே குப்பி வாங்கினால், சிரிஞ்சில் எவ்வளவு எடுப்பது என்பதைச் செவிலியரிடம் நேரில் கற்றுக்கொள்ள வேண்டும். இன்சுலின் சிரிஞ்சில் இருக்கும் ‘யூனிட்’ மில்லிகிராம் அல்ல. பேனாவில் நான்கு தவணை முடிந்தபின் மிஞ்சும் திரவத்தை உறிஞ்சி ஐந்தாவது ஊசியாகப் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். கணவர் பேனாவை மனைவியோ, அண்ணன் பேனாவைத் தம்பியோ போடக் கூடாது. ஊசிமுனையை மாற்றினாலும் ரத்தவழி நோய் தொற்றும்.

போலி ஒஸெம்பிக் குறித்து உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரித்தது. ஆகவே வாட்ஸ்அப்பில் மலிவாக வருவதை வாங்காதீர்கள். ரசீதோடு கடையில் வாங்குங்கள்.

நோன்பும் மார்க்கமும்

சத்துணவாக ஏற்றப்படாத, தோலிலும் தசையிலும் நரம்பிலும் போடும் சிகிச்சை ஊசிகள் நோன்பை முறிக்காது என்று ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997-ல் தீர்மானித்தது. ஷாஃபிஈ மத்ஹபின்படியும், திறந்த துவாரம் வழியாக உள்ளே சென்றால்தான் நோன்பு முறியும். ஆகவே இந்த ஊசி நோன்பை முறிக்காது. வாரம் ஒருமுறைதான் என்பதால் இஃப்தாருக்குப் பின் போட்டுக்கொண்டால் மனக்குழப்பமும் இருக்காது.

சட்டம் அனுமதிப்பது வேறு, உடல் தாங்குவது வேறு. ரமளானிலோ அதை ஒட்டியோ ஊசியைப் புதிதாகத் தொடங்குவதையும், அளவை ஏற்றுவதையும் தவிர்ப்பது நல்லது. பசியில்லை என்று ஸஹரை விடாதீர்கள். தண்ணீரும், முட்டை, பருப்பு, மீன் போன்ற புரத உணவும் அவசியம். வாந்தியால் நீர் வற்றினாலோ, சர்க்கரை தாழ்ந்தாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை ஏற்றுக்கொண்டு பின்னர் களாச் செய்யலாம்.

“இதில் பன்றி சேர்கிறதா?” என்றும் கேட்கிறார்கள். செமாக்ளுடைடு ஈஸ்ட் மூலம் தயாராகிறது. டிர்செபடைடு ரசாயன முறையில் தயாராகிறது. மருந்துப் பொருள் பன்றியிலிருந்து எடுக்கப்படுவதில்லை.

செலவும் அமானிதமும்

அறிமுகமான வேளையில் மவுஞ்சாரோ 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், 5 மி.கி. 4,375 ரூபாய். மாதம் நான்கு என்றால் 14,000 முதல் 17,500 ரூபாய். அங்கே காப்பீட்டில் கிடைத்தது இங்கே கைக்காசாகும். செமாக்ளுடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். அதன்பின் வரும் உள்நாட்டுத் தயாரிப்புகளின் விலையை மருத்துவரிடம் கேளுங்கள். இதற்காகக் கடன் வாங்குவதோ, பிள்ளைகளின் படிப்புச் செலவில் கை வைப்பதோ வேண்டாம். கட்டுப்படியாகாது என்றால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு வழியை அவர் காட்டுவார்.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். மருந்து செய்துகொள்ளச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்களே. வயிற்றை முழுக்க நிரப்பாமல் உண்ணச் சொன்னவர்களும் அவர்களே. ஊசியோடு அந்த சுன்னத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வோம். அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.