பாணினிக்குப் பொருந்தாத பட்டம்

1967இல் பி. இசட். இங்கர்மன், அமெரிக்கக் கணினி அறிஞர் கழகமான ஏசிஎம்மின் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். நிரல்மொழிகளுக்கு இலக்கணம் வரையப் பயன்படும் பேக்கஸ்–நௌர் வடிவத்தை, பண்டைய சமஸ்கிருத இலக்கண ஆசிரியர் பாணினியின் பெயரையும் சேர்த்து, 'பாணினி–பேக்கஸ் வடிவம்' என அழைக்கலாம் என்றார். பெருந்தன்மையான யோசனைதான். ஆனால் பாணினியின் உண்மையான உயரம் அதில் மறைந்துபோகிறது.

ஐபிஎம்மின் ஜான் பேக்கஸ் 1959இல் முன்வைத்த குறியீட்டை, டென்மார்க்கின் பீட்டர் நௌர் செப்பனிட்டு 1960இல் அல்கால் 60 என்ற நிரல்மொழியின் அறிக்கையில் கையாண்டார். 'கோவை என்பது ஓர் உறுப்பு. அல்லது, ஒரு கோவையும் கூட்டல் குறியும் ஓர் உறுப்பும்' என்பது அதன் போக்கு. கோவைக்குள்ளேயே கோவை வருவதால், எவ்வளவு நீண்ட கூட்டலும் இந்த ஒரே விதிக்குள் அடங்கிவிடும். கவனிக்க வேண்டியது, அக்கம்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று இவ்விதி கேட்பதே இல்லை. மொழியியலாளர் சோம்ஸ்கியின் வகைப்பாட்டில் இது சூழல்சாரா இலக்கணம்.

பாணினியோ அக்கம்பக்கத்தைக் கேட்காமல் நகரமாட்டார். இதி, அபி இரண்டும் சேர்ந்தால் இத்யபி. உயிர் வந்ததால் இகரம் யகரமாயிற்று. மாறுவதை ஆறாம் வேற்றுமையாலும், அதற்குப் பின்வருவதை ஏழாம் வேற்றுமையாலும், முன்நிற்பதை ஐந்தாம் வேற்றுமையாலும் சுட்டுகிறார். வேற்றுமை உருபையே குறியீடாக்கிய இந்தத் துணிச்சல் பேக்கஸிடம் இல்லை. நிலைமொழி, வருமொழி பார்த்து 'மணியடித்தது', 'பூவழகு' என்று உடம்படுமெய் போடப் பழகிய நன்னூல் மாணவருக்கு, நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலரை எழுதுபவருக்கு விளங்குவதைவிடப் பாணினி எளிதில் விளங்குவார்.

திசையும் வேறு. பாணினி பொருளிலிருந்து சொல்லுக்கு வருகிறார். கம்பைலரின் கையில் இருப்பதோ எழுதி முடித்த வரி. அதைப் பிரித்து அமைப்பைக் கண்டறிய வேண்டும். சூழல் சார்ந்த விதிகளை எல்லையின்றி அனுமதித்தால், இந்தப் பகுப்பை விரைவாகச் செய்யும் பொதுவழி எதுவும் இன்றுவரை அறியப்படவில்லை. சூழல்சாரா இலக்கணத்தில் வரியின் நீளம் இருமடங்கானால் வேலை மிஞ்சிப்போனால் எட்டு மடங்காகும். டொனால்ட் குனூத் 1965இல் காட்டிய முறையில், அதற்கு இசையும் இலக்கணங்களுக்கு வேலையும் இருமடங்கே. பேக்கஸ் வடிவத்தின் வறுமைதான் அதன் வேகம். விலையும் உண்டு: அறிவிக்காத மாறியைப் பயன்படுத்தாதே என்ற சிறு விதியைக்கூட அக்குறியீட்டால் சொல்ல முடியாது, அல்கால் அறிக்கை அதை உரைநடையில்தான் சொல்லியது.

பாணினிக்கு நவீன உறவினர் வேண்டுமென்றால், சோம்ஸ்கியும் மாரிஸ் ஹாலேயும் 1968இல் வெளியிட்ட ஆங்கில ஒலியமைப்பு நூலில் தேடலாம். 'இன்ன சூழலில் இது அதுவாகும்' என்ற அந்நூலின் விதி வடிவம் அவருடையதற்கு மிக நெருக்கமானது. பேக்கஸ் வடிவம் பேக்கஸுக்கும் நௌருக்குமே உரியது.