மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி–விருதுநகர் சாலையில் அமைந்த சுயநிதிப் பொறியியல் கல்லூரி. 1984இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக இணைப்பில் தொடங்கப்பட்டது. பின்னர் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. திருமங்கலத்திலுள்ள மெட்டல் பவுடர் கம்பெனியும் (சுருக்கமாக மெப்கோ) அதன் ஜெர்மானியக் கூட்டாளியான ஷ்லெங்க் நிறுவனமும் பெயருக்குக் காரணம்.

பின்புலம்: சிவகாசிச் சீமை மழை குறைந்த கரிசல் பூமி. விவசாயத்துக்கு வாட்டமான அந்த வறட்சி, தீப்பெட்டிக்கு வாகாயிற்று. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். இப்பகுதியின் முதல் தொழிற்கல்வி அந்தக் கல்கத்தா வாசம்தான் என்றால் மிகையில்லை. தீப்பெட்டியிலிருந்து வண்ண மத்தாப்புத் தீக்குச்சி, அதிலிருந்து பட்டாசு என்று தொழில் கிளைத்தது. 1940இன் வெடிமருந்து விதிகள் உரிம முறையைக் கொண்டுவந்தன; உலகப்போரால் வெளிநாட்டுச் சரக்கு வரத்து தடைப்பட்டது. உள்ளூர் ஆலைகள் நிலைபெற இரண்டும் துணைசெய்தன. தீப்பெட்டி லேபிளுக்காக வந்த அச்சு இயந்திரங்கள் தனித்தொழிலாகவே வளர்ந்தன.

இத்தனைக்கும் பாடப்புத்தகம் கிடையாது. வெடிக்கு வேண்டிய மருந்தைக் கலக்கும் வேலை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போனது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் மூன்றையும் தனித்தனியே சலித்து, எதிரெதிரே கதவு வைத்த சின்ன அறையில், வெயில் ஏறுமுன் கையாலேயே கலப்பார்கள். கலந்த மருந்து அன்றே தீர வேண்டும், மிச்சம் வைத்தால் வினை. ஈரம் பட்டால் அலுமினியப் பவுடர் கலவை தானாகச் சூடேறும். அதைத் தடுக்க போரிக் அமிலம் சிறிது சேர்ப்பது வழக்கம். இதன் வேதியியல் காரணத்தைப் பின்னாளில் ஆய்வகங்கள் விளக்கின. போர்மேன்களுக்கு அது அதற்கு முன்பே பழக்கத்தில் தெரியும்.

அலுமினியப் பவுடர்: பட்டாசின் வெள்ளை ஒளியும் வெடிச்சத்தத்தின் பெரும்பகுதியும் இதனால் வருபவை. ஆரம்பத்தில் இறக்குமதிச் சரக்கு. உள்ளூரிலேயே தயாரிக்கும் நோக்கில் மெப்கோ திருமங்கலத்தில் ஆலை அமைத்தது. தொழில்நுட்பம் நியூரெம்பர்க் அருகே ரோட் நகரைச் சேர்ந்த, 1879இல் தோன்றிய கார்ல் ஷ்லெங்க் நிறுவனத்திடமிருந்து வந்தது. பவேரியாவின் அப்பகுதி தங்கத் தகடு அடிப்பதிலும் வெண்கலப் பொடியிலும் பேர்போனது. உருட்டாலையில் எஃகுக் குண்டுகளோடு அலுமினியத்தைப் போட்டு, ஸ்டியரிக் அமிலம் சேர்த்து, மெல்லிய செதிலாக அரைப்பது ஒரு முறை. உருகிய உலோகத்தைக் காற்றழுத்தத்தால் சிதறடித்துத் துகளாக்குவது மற்றொன்று. பெயின்ட், இலேசுக் கான்கிரீட் கட்டி ஆகியவற்றுக்கும் இப்பொடி போகிறது.

தோற்றம்: 1984இல் எம்.ஜி.ஆர். அரசு தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழிவிட்டது. அவ்வாண்டே இக்கல்லூரி பிறந்தது. அப்போது இப்பகுதி இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1985 மார்ச் 15இல்தான் காமராசர் மாவட்டம், அதாவது இன்றைய விருதுநகர் மாவட்டம், உருவானது. அதே 1984இல் டி. கலசலிங்கம் கிருஷ்ணன்கோவிலில் நிறுவிய கல்லூரி, 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று.

பட்டாசு மூலப்பொருளில் ஈட்டிய பணம் எழுப்பிய கல்லூரியில் பட்டாசுக்கென ஒரு பட்டப்படிப்பு இல்லாதது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் ஆலைக்காரர்கள் பிள்ளைகளை வெடிமருந்துக்கு வெளியே அனுப்பவே விரும்பினர். இயந்திரவியல், மின்னியல், கணினி ஆகிய பிரிவுகளே வேரூன்றின.

ஆய்வு: பட்டாசை இயந்திரவியல் துறை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டது. 2010களின் தொடக்கத்தில் இங்குள்ள ஆய்வாளர்கள் மருந்துத் துகளை நானோ அளவுக்குக் குறைத்துச் சோதித்தனர். குறைந்த மருந்தில் அதே சத்தம் பெறலாம், புகையும் குறையும் என்பது நோக்கம். துகள் சிறுத்தால் அது பற்றிக்கொள்ளத் தேவைப்படும் ஆற்றலும் சிறுக்கிறது என்பது இதன் மறுபக்கம். பட்டறையில் இந்தப் பவுடரைக் கையால் கலக்க முடியாது. 2012 செப்டம்பர் 5இல் சிவகாசி அருகே முதலிப்பட்டி ஆலை வெடித்து ஏறக்குறைய 40 பேர் இறந்த பின் பாதுகாப்பு ஆய்வின் தேவை எல்லோருக்கும் உறைத்தது. விதிமீறலே இத்தகைய விபத்துகளின் வேர். தொழிலாளியின் கவனக்குறைவு அதற்குப் பிறகுதான். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், மாசு குறைந்த பசுமைப் பட்டாசு தவிர மற்றவற்றுக்குத் தடை விதித்தபோது, மாற்று மருந்துக் கலவையை வகுத்தது நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனம்.

இன்றைய நிலை: தன்னாட்சி பெற்ற கல்லூரி. உயிரித்தொழில்நுட்பம், தகவல் தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவு உள்ளிட்ட பிரிவுகள் உள்ளன.