வீட்டையும் பாடமாகச் சொல்லலாம்

விக்டோரியா மகாராணி ஆண்டது 1837 முதல் 1901 வரை. அந்தக் காலத்து வீட்டையும் குடும்பத்தையும் இங்கிலாந்துப் பள்ளிகளில் சிறு பிள்ளைகளுக்குப் பாடமாகவே நடத்துகிறார்கள். முன்னறை விருந்தாளிக்கு, அடுப்படி வேலைக்காரர்களுக்கு என்று வீட்டை வைத்தே அன்றைய சமூகத்தைப் புரியவைக்கிறார்கள்.

நம் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது? அந்தக் காலத்தை ஒட்டி எழுந்த செட்டிநாட்டு வீடுகள் இருக்கின்றனவே! மதுரை வில்லாபுரத்திலிருந்து காரைக்குடி இரண்டு மணி நேரப் பயணம்தான். சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவிலும் அப்படி ஒரு வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள்.

அங்கே பிள்ளைகளிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம்.

யார் எங்கே இருந்தார்கள்? முகப்பில் ஆண்கள், பின்கட்டில் பெண்கள்.

யார் எங்கே சமைத்தார்கள்? கல்யாணமான மகனை 'வேறு வைத்து' விடுவார்கள். கூரை ஒன்று, உலையும் வரவு செலவும் தனித்தனி.

பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி பர்மாவில் வட்டிக்கு விட்டது. 1930-களில் நெல் விலை சரிந்து, கடனைக் கட்ட முடியாத விவசாயிகள் நிலத்தை இழந்தார்கள். 1938-ல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது.

தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் மட்டும் காட்டினால் அது சுற்றுலா. அந்த வட்டிக் கணக்கையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு.