டைட்டிலில் ஓடி மறையும் பெயர்கள்



சினிமா என்றால் விழுப்புரத்துக்காரர்களான எங்களுக்கு ஒரு தனி பெருமை உண்டு. வி.சி.கணேசன் என்ற பெயரில் இருக்கும் 'வி' எங்கள் ஊர் தான். 1952-ல் வந்த பராசக்தியில் சிவாஜி நடித்ததும் தெரியும், கலைஞர் வசனம் எழுதியதும் தெரியும். ஆனால் அந்தப் படத்திற்கு கேமரா யார், எடிட்டிங் யார் என்று வகுப்பில் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. (கேமரா எஸ்.மாருதி ராவ். எடிட்டிங், இரட்டை இயக்குனர்களில் ஒருவரான பஞ்சு. எனக்கும் போன வாரம் தான் தெரியும்!!)

ஆரம்பத்தில் இத்தனை வேலைகளே கிடையாது. மோட்டார் உதிரி பாகங்கள் விற்று வந்த ஆர்.நடராஜ முதலியார், 1910-களின் பிற்பகுதியில் கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் சாலையில் 'கீசக வதம்' எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் மௌனப்படம் அது. முதலாளி, இயக்குனர், கேமராமேன், எடிட்டர் எல்லாம் அவரே. எங்கள் பி.காம். பாடத்தில் வரும் 'தனியாள் வணிகம்' தான்! இன்று அந்தப் படத்தின் ஒரு பிரதி கூட இல்லை.

1931-ல் 'காளிதாஸ்' வந்து படம் பேச ஆரம்பித்தது. உடனே ஒலிப்பதிவாளர், வசனகர்த்தா, பாடலாசிரியர், இசையமைப்பாளர் எல்லோரும் தேவைப்பட்டார்கள். அப்போது நடிப்பவரே பாடவும் வேண்டும். 1938-ல் 'நந்தகுமார்' படத்தில் ஒருவர் வாயசைக்க வேறொருவர் குரல் ஒலித்தது. பின்னணிப் பாடகர் என்ற புது வேலை பிறந்தது.

ஆடம் ஸ்மித் 1776-ல் ஒரு குண்டூசிப் பட்டறையைப் பற்றி எழுதினார். பத்து பேர் வேலையைப் பிரித்துக் கொண்டால் ஒரு நாளில் 48,000 ஊசிகள் செய்யலாம் என்பது அவர் கணக்கு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், ஜெமினி, ஏவிஎம் எல்லாம் இதே கணக்கில் ஓடியவை தான். தச்சர், பெயின்டர், மேக்கப்மேன், தையல்காரர், லைட்மேன் என்று தனித்தனிப் பிரிவுகள். பலருக்கு மாதச் சம்பளமும் உண்டு. ஜெமினியில் வேலை பார்த்த அசோகமித்திரன் எழுதிய 'கரைந்த நிழல்கள்' நாவலைப் படித்தால், புரொடக்‌ஷன் மேனேஜர் படும் பாடு புரியும்.

வேலை பிரிந்தது சரி, கூலி?

வங்காளத்திலிருந்து வந்த ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷும் இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசனும் தொழிலாளர்களைச் சங்கமாகச் சேர்க்கப் பாடுபட்டார்கள். 1960-ல் 'பாதை தெரியுது பார்' படத்தைக் கொடுத்ததும் இவர்கள் தான். இன்று ஃபெப்சி என்ற சம்மேளனத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன. பெரிய ஸ்டூடியோக்கள் நலிந்து மாதச் சம்பளம் போய், தினக்கூலியும் பேட்டாவும் ஆன பிறகு, இந்தச் சங்கம் தான் பலருக்குத் துணை.

துணை இருந்தும் ஆபத்து போகவில்லை. 2020 பிப்ரவரியில் சென்னை அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். மூவருமே கேமராவுக்குப் பின்னால் வேலை செய்தவர்கள்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், திண்டிவனத்தில் எங்கள் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அண்ணன் இருக்கிறார். பல வருடம் லைட்மேனாக இருந்தவர். உயரத்தில் நின்று லைட் கட்டும்போது விழுந்து, இடது கை சரியாக மடங்காது. இப்போது பெட்டிக்கடை வைத்திருக்கிறார். "எந்தப் படத்திலாவது உங்க பேர் வந்துச்சாண்ணா?" என்று கேட்டேன். "லைட் யூனிட்னு போடுவாங்கப்பா, அதுல நானும் உண்டு" என்றார் சிரித்துக் கொண்டே.

கணக்குப் பதிவியலில் ஒரு ரூபாய் விட்டுப் போனாலும் இருப்புநிலைக் குறிப்பு சரியாக வராது. சினிமா வரலாற்றில் மட்டும் இத்தனை பேரை விட்டுவிட்டு எப்படி கணக்கு முடிக்கிறோம்?

அடுத்த முறை படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, பைக் எடுக்க அவசரப்படாமல் இரண்டு நிமிடம் உட்காருங்கள் நண்பர்களே. நானும் இனி உட்காரப் போகிறேன்.