தாய்மடியே படுக்கை

குழந்தையின் கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றுவது பழைய முறை. கீறிய புண் நஞ்சாகுமோ என்பதே அச்சம். கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியின் மறைவில் கீறும் வழியை, 1867ஆம் ஆண்டு கிளாஸ்கோ மருத்துவர் ஜோசப் லிஸ்டர் எழுதி வெளியிட்டார்.

அந்நகரிலேயே ஜேம்ஸ் நிக்கல் என்பார் மேலும் ஒருபடி சென்றார். 1899 முதல் பத்தாண்டுகளில், குழந்தைகள் மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் நடந்த அறுவைகள் 8,988. குடலிறக்கம், பிளவுதடு முதலியனவும் அவற்றுள் அடங்கும். கட்டுப் போட்டதும் குழந்தை தாயுடன் வீடு திரும்பியது. பால்குடி மாறாத மகவைத் தாயினின்று பிரித்தல் தீங்கே என்பது அவர் துணிபு. முதலாம் ஆண்டு வகுப்பின் முதல் நாளைக் கண்ட ஆசிரியர்க்கு இது வியப்பன்று! தாய்மார் பிள்ளைகளுடன் தங்க அருகிலேயே சிறு வீடொன்றையும் அமர்த்தினார். செவிலியர் இல்லந்தோறும் சென்று புண்ணைக் கவனித்தனர். 1909இல் இவற்றை அவர் மருத்துவ உலகிற்கு அறிவித்தார்.