முதல் கார் வாங்கப் போறீங்களா? ஷோரூமுக்குப் போறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க!

"தீபாவளிக்கு ஊருக்குப் போகணும். அப்பா, அம்மா, அக்கா, மாமா, குட்டீஸ்னு எல்லாரும் ஏறணும். அதனால ஏழு சீட்டர்தான் வாங்கணும்!"

நண்பர் ஒருவர் இப்படிச் சொல்லித்தான் கார் வாங்கினார். வாங்கியும் ஆச்சு, தீபாவளிக்கு எல்லாரும் ஏறியும் ஆச்சு. மற்ற நாள்களில்? அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் வண்டியை விட்டால் ஒரு பக்கக் கதவுதான் திறக்கும். ஆபீஸுக்கு இன்னமும் பைக்கில்தான் போகிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காரின் மேல் படிந்த தூசியைத் துடைக்கிறார். இஎம்ஐ மட்டும் மாதம் தவறாமல் 5-ம் தேதி போய்க்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு அடுத்தபடியாக நம்மில் பலர் செய்யும் பெரிய செலவு கார்தான். ஒரு தடவை கையெழுத்துப் போட்டால், ஐந்து முதல் ஏழு வருடங்களுக்கு நம் சம்பளத்தில் அதுவும் ஒரு பங்குதாரர். அதனால் 'எந்த கார் நல்ல கார்?' என்று யூடியூபில் தேடுவதற்கு முன், 'எனக்கு எதுக்கு கார்?' என்ற கேள்விக்கு பதில் கண்டுபிடித்துவிடுங்கள்.

முதல்ல உங்க 360 நாள் கணக்கு

இரண்டு வாரத்துக்கு உங்கள் மொபைல் நோட்ஸில் ஒரு சின்னக் குறிப்பு எழுதுங்கள். எங்கே போனீர்கள், எத்தனை கிலோமீட்டர், கூட எத்தனை பேர், எந்த மாதிரி ரோடு. பைக், ஆட்டோ, பஸ், டாக்ஸி என்று எதில் போயிருந்தாலும் எழுதுங்கள். இரண்டு வாரம் முடிந்ததும் பார்த்தால், நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் பயணமும் நிஜமாகப் போகும் பயணமும் வேறு வேறு என்பது புரியும்.

பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர், தினமும் 20 கி.மீ டிராஃபிக் என்றால், உங்களுக்குத் தேவை ஒரு சின்ன ஹேட்ச்பேக். மாதம் இரண்டு முறை சென்னை டு மதுரை என்றால், ஹைவேயில் ஆடாமல் நிற்கிற, லக்கேஜுக்கு இடம் இருக்கிற வண்டி வேண்டும். வீட்டில் முட்டி வலியோடு பெரியவர்கள் இருந்தால், குனியாமல் ஏறி உட்காரக்கூடிய உயரமான சீட் முக்கியம்.

'அப்போ அந்த தீபாவளிப் பயணம்?' என்று கேட்கலாம். பெரிய காருக்காகக் கூடுதலாக 4 லட்சம் கடன் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 9% வட்டி, 5 வருடம் என்றால், அந்த 4 லட்சத்துக்கு மட்டும் மாதம் சுமார் 8,300 ரூபாய் இஎம்ஐ. வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம். அந்தக் காசில் ஏழு சீட்டரை டிரைவரோடு எத்தனை நாள் வாடகைக்கு எடுக்கலாம் என்று உங்கள் ஏரியா டிராவல்ஸில் விசாரித்துப் பாருங்கள்.

அப்படியே ஒரு டேப் எடுத்து பார்க்கிங் இடத்தையும் அளந்துவிடுங்கள். மாருதி வேகன்-ஆர் 3,655 மி.மீ நீளம், 1,620 மி.மீ அகலம். ஹூண்டாய் க்ரெட்டா 4,330 மி.மீ நீளம், 1,790 மி.மீ அகலம். பேப்பரில் சின்ன வித்தியாசமாகத் தெரியும். தூணுக்கும் பக்கத்து வீட்டு ஆக்டிவாவுக்கும் நடுவில் விடும்போதுதான் அதன் அருமை தெரியும்!

விளம்பர விலை வேற, ரோட்டுக்கு வர்ற விலை வேற

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது எக்ஸ்-ஷோரூம் விலை. ஜிஎஸ்டி இதற்குள்ளேயே அடக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18% ஆகக் குறைந்திருக்கிறது. 4 மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசி வரை இன்ஜினும் இருந்தால் அது சின்ன கார். அதற்கு மேல் போனால் 40%. எலெக்ட்ரிக் கார்களுக்கு 5%.

இதற்கு மேல் வாழ்நாள் சாலை வரி, இன்ஷூரன்ஸ், பதிவுக் கட்டணம், ஃபாஸ்டேக் எல்லாம் சேர்ந்தால்தான் ஆன்ரோடு விலை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றப்பட்ட சாலை வரி விகிதம் இது:

- 5 லட்சம் வரை: 12%
- 5 முதல் 10 லட்சம் வரை: 13%
- 10 முதல் 20 லட்சம் வரை: 18%
- 20 லட்சத்துக்கு மேல்: 20%

இந்த 10 லட்சம் என்ற கோட்டை நன்றாகக் கவனியுங்கள். 9.90 லட்சம் காருக்கு வரி 1,28,700 ரூபாய். 'இன்னும் 30,000 போட்டா சன்ரூஃப் வந்துடும் சார்' என்று சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ் சொல்வதைக் கேட்டு 10.20 லட்சம் வேரியன்ட்டுக்குப் போனால், வரி 1,83,600 ரூபாய். ஆக, அந்த சன்ரூஃபின் நிஜ விலை 30,000 இல்லை, கிட்டத்தட்ட 85,000. 10 லட்சத்தைத் தாண்டினால் 1% டிசிஎஸ்ஸும் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது இதை ஈடு செய்துகொள்ளலாம் என்றாலும், வாங்கும் அன்று உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும்.

ஷோரூமில் ஆன்ரோடு விலையை மொத்தமாகச் சொன்னால் போதாது. ஒவ்வொரு வரியாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். 'ஹேண்ட்லிங் சார்ஜ்', 'எசென்ஷியல் கிட்' என்று ஏதாவது இருந்தால், 'இது எதுக்கு?' என்று கேளுங்கள். அவை அரசுக் கட்டணம் இல்லை. பேசிக் குறைக்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம்.

இஎம்ஐ ஒத்திகை

6 லட்சம் கடன், 9% வட்டி என்று வைத்துக்கொள்வோம்.

- 5 வருடம்: மாதம் சுமார் 12,455 ரூபாய். மொத்த வட்டி சுமார் 1.47 லட்சம்.
- 7 வருடம்: மாதம் சுமார் 9,653 ரூபாய். மொத்த வட்டி சுமார் 2.11 லட்சம்.

மாதம் 2,800 ரூபாய் குறைகிறதே என்று ஏழு வருடத்துக்குப் போனால், வட்டியாக மட்டும் 63,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்டுவீர்கள்.

இஎம்ஐ மட்டும்தான் காரின் செலவு என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. மாதம் 1,000 கி.மீ ஓட்டினால், லிட்டருக்கு 15 கி.மீ மைலேஜ், 100 ரூபாய் விலை என்ற கணக்கில் பெட்ரோலுக்கு 6,700 ரூபாய். அடுத்த வருட இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர், டோல் எல்லாவற்றுக்கும் சேர்த்து 4,000 ரூபாயாவது ஒதுக்க வேண்டும். ஆக, 12,455 ரூபாய் இஎம்ஐ கட்டுபவரின் நிஜமான மாதச் செலவு 23,000 ரூபாய். கைக்கு 60,000 ரூபாய் சம்பளம் வருகிறவருக்கு இது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். வாடகையும் கட்டி, வீட்டுக்கும் பணம் அனுப்புபவர் என்றால் மூச்சு முட்டிவிடும். கார் செலவு மொத்தமும் கையில் வரும் சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

புக்கிங் செய்வதற்கு முன் மூன்று மாதம் ஒத்திகை பாருங்கள். அந்த மொத்தத் தொகையையும் சம்பளம் வந்த மறுநாளே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். மூன்று மாதமும் அதைத் தொடாமல் சமாளித்துவிட்டால் தாராளமாக வாங்கலாம். சேர்ந்த பணம் டவுன் பேமென்ட்டுக்கு ஆச்சு. இரண்டாம் மாதமே எடுத்துவிட்டால்? சின்ன காராகப் பாருங்கள், இல்லை ஒரு வருடம் பொறுங்கள்.

பெட்ரோலா, சிஎன்ஜியா, கரன்ட்டா?

'சிஎன்ஜி மைலேஜ் சூப்பர்' என்பது உண்மைதான். ஆனால், உங்களுக்கு லாபமா என்பதை மாதம் எத்தனை கி.மீ ஓட்டுகிறீர்கள் என்பதுதான் முடிவு செய்யும். சிஎன்ஜி வேரியன்ட்டுக்கு 95,000 ரூபாய் கூடுதல் விலை, கிலோ 90 ரூபாய், கிலோவுக்கு 20 கி.மீ என்று வைத்துப் பார்ப்போம். மாதம் 1,000 கி.மீ ஓட்டினால் சுமார் 2,170 ரூபாய் மிச்சம். கூடுதலாகக் கொடுத்த காசு மூன்றரை வருடம் தாண்டித் திரும்ப வரும். மாதம் 400 கி.மீதான் என்றால், ஒன்பது வருடம் ஆகும்! அதோடு, வழக்கமான சிஎன்ஜி கார்களில் டிக்கியில் பாதிக்கு மேல் சிலிண்டர் உட்கார்ந்துவிடும். டாடா, ஹூண்டாய் போன்ற நிறுவனங்கள் இரண்டு சின்ன சிலிண்டர்களைக் கீழே படுக்கவைத்து ஓரளவு இடம் மிச்சப்படுத்துகின்றன.

டீசல், தினமும் நீண்ட தூரம் ஓட்டுபவர்களுக்கானது. பிஎஸ்-6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் உண்டு. அது சூடேறி, கரியை எரித்துச் சுத்தமாக வேண்டுமென்றால் வண்டி நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். தினமும் 5 கி.மீ டிராஃபிக்கிலேயே ஓட்டினால் அடைத்துக்கொண்டு, சர்வீஸ் சென்டருக்கு அலையவிடும்.

எலெக்ட்ரிக் கார் வாங்க ஆசையா? 'ரேஞ்ச் எவ்வளவு?' என்பதைவிட, 'எங்கே சார்ஜ் போடுவேன்?' என்பதுதான் முதல் கேள்வி. சொந்த பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் வைக்க அசோசியேஷன் சம்மதிக்குமா? 100 கி.மீ-க்கு 15 யூனிட் என்றால், மாதம் 1,000 கி.மீ ஓட்ட 150 யூனிட். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் ரீடிங் எடுப்பார்கள். ஆக, ஒரு பில்லில் 300 யூனிட் கூடும். ஏற்கெனவே ஏசி ஓடும் வீட்டில் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். சார்ஜிங்குக்குத் தனி இணைப்பு கிடைக்குமா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். எலெக்ட்ரிக் கார்களுக்குத் தமிழக அரசு சாலை வரி விலக்கு கொடுத்துவந்திருக்கிறது. நீங்கள் வாங்கும் தேதியில் அது நடைமுறையில் இருக்கிறதா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

சன்ரூஃபை விடுங்க, ஏர்பேக்கைப் பாருங்க

பட்ஜெட் இடிக்கும்போது எதை விட்டுக்கொடுப்பது என்ற கேள்வி வரும். டச் ஸ்கிரீன், ரிவர்ஸ் கேமரா, சீட் கவர் எல்லாம் பிறகு வெளியே மாட்டிக்கொள்ளலாம். ஏர்பேக்கையும், வளைவில் வண்டி சறுக்காமல் பிடிக்கும் இஎஸ்சி-யையும் பிறகு மாட்ட முடியாது. அதனால், ஆறு ஏர்பேக், இஎஸ்சி, குழந்தை சீட் மாட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கி, இவை எந்த வேரியன்ட்டில் தொடங்குகின்றன என்று பார்த்து அங்கிருந்து மேலே போங்கள்.

2018-ல் டாடா நெக்ஸான் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து ஸ்டார் வாங்கிய பிறகுதான் இங்கே பலரும் ஸ்டார் பற்றிப் பேசவே ஆரம்பித்தார்கள். 2023 முதல் நமக்கே பாரத் என்கேப் இருக்கிறது. பெரியவர்களுக்குத் தனியாக, குழந்தைகளுக்குத் தனியாக ஸ்டார் கொடுப்பார்கள்; இரண்டையும் பாருங்கள். ஒரே பெயரில் பழைய மாடல், புது மாடல் இருந்தால் எதற்குக் கிடைத்த ஸ்டார் என்றும் பாருங்கள். எத்தனை ஸ்டார் வாங்கிய காராக இருந்தாலும், பின் சீட்டில் இருப்பவரும் பெல்ட் போட்டால்தான் பாதுகாப்பு.

டெஸ்ட் டிரைவ்: குடும்பத்தோட போங்க

ஷோரூம்காரர் சொல்லும் காலியான ரோட்டில் ஒரு ரவுண்ட் அடித்துவிட்டு வந்தால் அது டெஸ்ட் டிரைவ் இல்லை. நான்கு பேர் உட்கார்ந்து, மத்தியான வெயிலில், ஏசி போட்டு ஓட்டுங்கள். மேம்பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தி எடுங்கள். உங்கள் தெரு ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றி இறக்குங்கள், அடி தட்டுகிறதா பாருங்கள். அம்மாவைப் பின் சீட்டில் உட்காரவைத்து, 'காலு நீட்ட முடியுதாம்மா?' என்று கேளுங்கள். ஆட்டோமேட்டிக்கில் விலை குறைந்த ஏஎம்டி, கியர் மாறும்போது லேசாக இழுத்துவிடும். சிலருக்குப் பழகிவிடும், சிலருக்கு எரிச்சலாக இருக்கும். அதை நீங்களே ஓட்டித்தான் முடிவு செய்ய முடியும்.

இன்ஷூரன்ஸ்: வெள்ளத்தை மறக்காதீங்க

புது காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். உங்கள் வண்டிக்கான சொந்தச் சேத காப்பீட்டை ஒரு வருடத்துக்கு எடுத்தால் போதும். ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டு, அதைக் காட்டிப் பேசுங்கள்.

2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைவாசிகளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் சொல்கிறேன்: தண்ணீரில் மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போய் உடைந்தால், பொதுவாக சாதாரண பாலிசியில் அதற்குப் பணம் வராது. தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் 'இன்ஜின் புரொட்டெக்ட்' கவரைக் கண்டிப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இழுத்துச் சென்று, மெக்கானிக் பார்த்த பிறகுதான் சாவியில் கை வைக்க வேண்டும்.

சாவி வாங்குறதுக்கு முன்னாடி

ஆடி மாத ஆஃபர், டிசம்பர் ஆஃபர் எல்லாம் நல்லதுதான். ஆனால், வண்டி தயாரிக்கப்பட்ட மாதம், வருடம் என்ன என்று கேளுங்கள். ஜனவரியில் வாங்கினாலும் போன வருடத் தயாரிப்பு என்றால், விற்கும்போது அது ஒரு வருடம் பழைய வண்டிதான். அதற்கேற்ற தள்ளுபடி கேளுங்கள். பதிவுக்கு முன்பே, பகல் வெளிச்சத்தில் பெயின்ட், கண்ணாடி, ஓடோமீட்டர் பாருங்கள். டயரில் இருக்கும் நான்கு இலக்க எண், அது தயாரான வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். அதையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் என்ன? மாலை போட்டு, பூசணிக்காய் சுற்றி, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுங்கள். பழம் நசுங்கும்போது அடுத்த மாத 5-ம் தேதி ஞாபகம் வந்தாலும் உங்களால் சிரிக்க முடிந்தால், நீங்கள் சரியான காரைத்தான் வாங்கியிருக்கிறீர்கள். வாழ்த்துகள்!